முகம் பார்த்துச் சொன்ன வரிகள்: கொங்கு நாட்டுப் பயணக் குறிப்புகள்

வியாழன், அவிநாசி – திருமுருகன்பூண்டி

போன்ல ஒரு நோட் வச்சிருக்கேன், பிடிச்ச வரி எங்க கண்ணுல பட்டாலும் அதுல போட்டுருவேன், தேவாரம், சங்கப்பாட்டு, கல்வெட்டு, பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா சொன்னதுன்னு எல்லாம் கலந்து கிடக்கும். அதுல நம்ம கொங்கு நாட்டோட ஒட்டின வரிகளை மட்டும் பிரிச்செடுத்து அந்தந்த ஊருக்கே போய் உக்காந்து முழுப் பாட்டையும் படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. சின்னம்மா ரிட்டயர்டு தமிழ் டீச்சர், சுந்தரர் தேவாரம் பாதிக்கு மேல மனப்பாடம். வர்றீங்களான்னு கேட்ட அடுத்த நாளே பையோட வந்து நின்னுட்டாங்க. காந்திபுரத்துல காலைல பஸ் ஏறினோம்.

அவிநாசில இறங்கி கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி தாமரைக்குளத்துக்குப் போனோம். கதை இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். சுந்தரர் இந்த ஊர்த் தெருவுல வர்றார், ஒரு வீட்டுல பூணூல் கல்யாணம், எதிர்வீட்டுல அழுகை. ஒண்ணா குளிக்கப் போன ரெண்டு பையன்ல ஒருத்தனை முதலை முழுங்கிருச்சு, தப்பிச்சவனுக்கு இன்னைக்குப் பூணூல், நம்ம பையன் இருந்திருந்தா அவனுக்கும் இப்பத்தானேன்னு இந்த வீட்டுல பெத்தவங்க அழறாங்க. சுந்தரர் வந்திருக்கார்னு தெரிஞ்சதும் அவங்க அழுகையை அடக்கிக்கிட்டு முகம் மலர வந்து கும்பிட்டாங்கன்னு பெரியபுராணம் சொல்லுது, எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போகவே மனசு வராது. அதுக்கப்பறம்தான் பதிகம். நாலாவது பாட்டோட கடைசி வரி:

"கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே."

சின்னம்மா குளத்துப் படில நின்னு இதைச் சத்தமாவே பாடினாங்க. நான் இத்தனை வருஷமா இதை ஒரு அற்புதக் கதையோட வரியாத்தான் வச்சிருந்தேன், ஆனா அங்க நின்னு கேக்கும்போது காதுல விழுந்தது அந்த "தரச்சொல்லு"தான். குடுன்னு கெஞ்சல, முதலைகிட்டயும் எமன்கிட்டயும் நீ சொல்லு, குடுக்கச் சொல்லுங்கறார். ஆபீஸ்ல பெரியவர்கிட்ட நேராப் போய், அவன்கிட்டச் சொல்லி என் வேலையை முடிச்சுக் குடுங்கன்னு உரிமையா நிக்கிற ஆள் குரல் அது. அதுவும் தனக்காக இல்ல, யார் வீட்டுப் பிள்ளைக்காகவோ.

மத்தியானம் பூண்டி, அவிநாசிலேர்ந்து கொஞ்ச தூரம்தான். அங்க அதே சுந்தரர் வேற குரல்ல பேசறார். சேரமான் பெருமாள் குடுத்த பொன்னும் பொருளும் எடுத்துக்கிட்டு வர்ற வழில வேடர் வேஷத்துல வந்த சிவகணங்கள் எல்லாத்தையும் பறிச்சுட்டுப் போயிருச்சு. நேரா கோயிலுக்கு வந்து சாமி முன்னாடி நின்னு, வில்லைக் காட்டி மிரட்டறாங்க, கல்லால அடிக்கறாங்க, கட்டியிருக்கற துணியையும் புடுங்கிக்கறாங்க, இப்படிப்பட்ட ஊர்ல பொண்டாட்டியோட "எத்துக்கிங்கு இருந்தீர் எம்பிரானீரே"ன்னு கேக்கறார். பாட்டுக்குப் பாட்டு அதே கேள்விலதான் போய் முடியுது. வழிப்பறி நடக்கற ஊர்ல நீர் எதுக்குய்யா குடியிருக்கீருன்னு சாமியையே கேக்கற உரிமை யாருக்கு வரும், ரொம்ப நெருங்கினவங்களுக்குத்தான் வரும். இதையெல்லாம் நாம பக்திப் பாட்டுன்னு பொத்தாம்பொதுவா ஒரு பெட்டில போட்டு மூடிட்டமேன்னு சின்னம்மா வருத்தப்பட்டாங்க.

பூண்டி ரோட்டோரம் சிற்பக் கூடங்கள் வரிசையா இருக்கு. ஒரு கூடத்துல ஒருத்தர் நந்திக்குப் பக்கத்துல ஒரு கல் பலகைல எழுத்து வெட்டிக்கிட்டிருந்தார். முதல்ல காவில எழுத்தை எழுதிக்கறார், அப்பறம் மெல்லிசு உளியை அந்தக் கோட்டு மேல சாய்ச்சு வச்சு, சுத்தியலால லேசா, அடிக்கறதுன்னே சொல்ல முடியாது, தட்டித் தட்டிப் போறார். "ழ"வோட வால் வளையற இடத்துல மட்டும் நிறுத்தி, வாயால தூசியை ஊதிட்டு, விரலால ஒருக்கா தடவிப் பாத்துட்டு மறுபடி தட்டினார். "ஏனுங்ணா, இதுக்கெல்லாம் எப்படிங்க கூலி"ன்னு கேட்டேன். எழுத்துக்கு இத்தனைன்னு கணக்குங்க, அதனால உபயம் குடுக்கறவங்க வாசகத்தைச் சுருக்கிக்குவாங்க, ஆனா பேரை மட்டும் யாரும் சுருக்க மாட்டாங்கன்னார்.

வெள்ளி, சென்னிமலை – அறச்சலூர்

சென்னிமலைல படியேறும்போது கந்தசஷ்டி கவசம் ஸ்பீக்கர்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. தேவராய சுவாமிகள் அதை அரங்கேத்தினது இந்த மலைலதான்னு சொல்றாங்க, "சிரகிரி வேலவன் சீக்கிரம் வருக"ன்னு ஊரையே உள்ள வச்சிருக்கார். சின்ன வயசுலேர்ந்து கேட்ட பாட்டு, ஆனா இன்னைக்குத்தான் ஒவ்வொரு உறுப்பா கேட்டுக் கேட்டுப் போறதைக் கவனிச்சேன், கண், காது, மூக்கு, பல்லு, விரல்னு எதையும் விடல. "எல்லாப் பிணியும் என்றனைக் கண்டால் நில்லா தோட"ன்னு வர்றப்ப பின்னாடி முட்டி வலியோட ஏறிக்கிட்டிருந்த ஒரு ஆத்தா கூடவே சொன்னாங்க, நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி சொன்னாங்க.

இந்தப் பக்கத்துல எல்லார் வாய்லயும் இருக்கற இன்னொரு வரி தீரன் சின்னமலை சொன்னதா வர்றது. கொங்குல வசூல் பண்ணின வரிப்பணத்தை மைசூர் ஆளுக சங்ககிரிக்குக் கொண்டுபோறாங்க, தீர்த்தகிரிங்கற பையன் மறிச்சு அதைப் புடுங்கி ஏழைகளுக்குக் குடுத்துடறான், யார்னு போய்ச் சொல்றதுன்னு கேட்டதுக்கு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் மத்தியில ஒரு சின்னமலை பறிச்சுக்கிட்டான்னு சொல்லு"ன்னு சொன்னானாம். எழுதி வச்சு வந்த வரி இல்ல, வாய்வழியா வந்தது, சொல்றவங்களுக்குத் தகுந்த மாதிரி ஒரு வார்த்தை மாறும். ஆனா பாருங்க, தன் பேரைச் சொல்லாம தன் ஊரைச் சொல்றான். 1805-ல அதே சங்ககிரில அவரைத் தூக்குல போட்டாங்க, இன்னைக்கும் ஆடிப்பெருக்கு வந்தா அவர் கோட்டை இருந்த ஓடாநிலைல கூட்டம் கூடுது.

அங்கருந்து அறச்சலூர். என் நோட்ல இருக்கறதுலயே வித்தியாசமான வரி இந்த ஊரோடது, இன்னைக்கு இதுக்காகத்தான் வந்தோம். நாகமலைல ஒரு குகைக்குள்ள, தமிழ்ப் பிராமி வட்டெழுத்தா மாறிக்கிட்டிருந்த காலத்து எழுத்துல வெட்டியிருக்கு:

த தை தா தை த

இது முதல் வரி. இந்த மாதிரி அஞ்சு வரி, வரிக்கு அஞ்சு எழுத்து, இடமிருந்து வலமாப் படிச்சாலும் மேலருந்து கீழ படிச்சாலும் அதேதான் வரும். தாளக்கட்டுன்னு அறிஞர்கள் சொல்றாங்க. பக்கத்துலயே இந்த எழுத்தைச் சேர்த்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன்னு பேரும் இருக்கு. வண்ணக்கன்னா காசும் மணியும் நல்லதா கெட்டதான்னு பாத்துச் சொல்ற வேலை. பகல் பூரா காசை உரசிப் பாத்துக்கிட்டிருந்த ஒருத்தருக்கு மனசுக்குள்ள இந்த ஜதி ஓடிக்கிட்டே இருந்திருக்கும் போல, மலையேறி வந்து கல்லுல வச்சுட்டுப் போயிட்டார்னு நினைக்கத் தோணுது. சாமியும் இல்ல, ராசாவும் இல்ல, யாரையும் எதுவும் கேக்கல. அர்த்தமே இல்லாத இந்த வரியை என் நோட்ல முதல் இடத்துல வச்சிருக்கேன். சின்னம்மா கைல தாளம் போட்டு அஞ்சு வரியையும் சொல்லிப் பாத்தாங்க, மூணாவது வரில வேகம் தானா கூடுது.

சனி, ஈரோடு

வெயில் தாங்கல, ஒரே ஒரு இடம்தான். கருங்கல்பாளையம் வாசகசாலை. 1921 ஜூலை 31-ம் தேதி பாரதியார் இங்க வந்து பேசினார், தலைப்பு "மனிதனுக்கு மரணமில்லை". அவரோட கடைசிக் கூட்டங்கள்ல அது ஒண்ணு. செப்டம்பர்ல போயிட்டார், வயசு 38.

இந்தத் தலைப்பைத் தனி வாசகமா எடுத்துப் படத்துக்குக் கீழ போட்டு அனுப்பறதை நிறையப் பாத்திருக்கேன், எனக்கு ஒப்பாது. ஒரு சின்ன வாசகசாலைக்கு ரயிலேறி வந்து, எதிர்ல உக்காந்திருக்கற ஊர்க்காரங்க முகத்தைப் பார்த்து, உடம்பு தேஞ்சு போன ஒரு மனுசன் சொன்னது அது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு படிச்சா வேற கனம்.

பெரியார் – அண்ணா நினைவகத்துக்கும் ஒரு நடை போயிட்டு வந்தோம். "மானமும் அறிவும் மனிதர்க்கு அழகு". இதுக்கு நான் விளக்கம் சொல்லவே வேண்டியதில்ல. ராத்திரி அரிசியும் பருப்பும் சாதம், மேல ஒரு கரண்டி நெய், அவ்ளோதான் இன்னைக்கு.

ஞாயிறு, திருச்செங்கோடு

பஸ்ஸ்டாண்டுலேர்ந்து மலை அடிவாரம் வரைக்கும் போர்வெல் வண்டிகளா நிக்குது. நாடு பூரா தண்ணிக்குத் துளை போடப் போற வண்டிகள் இந்த ஊர்லேர்ந்து கிளம்புது. மலைப்பாதைல அறுபதாம்படின்னு ஒரு இடம், சத்தியப்படின்னும் சொல்வாங்க. ஊர்ல கொடுக்கல் வாங்கல் சண்டை தீரலேன்னா ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்து படில சத்தியம் பண்ணச் சொல்லுவாங்களாம். பொய்யா இருந்தா இங்க நின்னு சொல்ல வாய் வராதுன்னு நம்பிக்கை.

இங்க படிக்க எடுத்து வச்ச பாட்டு சம்பந்தரோடது. இந்த ஊருக்கு அவர் வந்தப்ப கூட வந்தவங்களுக்கெல்லாம் குளிர்சுரம். எல்லாம் நம்ம வினைன்னு சொல்லிக்கிட்டு அவங்க படுத்துக் கிடக்கறாங்க. அவர் பாடறார்:

"அவ்வினைக் கிவ்வினை யாமென்று சொல்லு மஃதறிவீர்
உய்வினை நாடா திருப்பதும் உந்தமக் கூனமன்றே"

அன்னைக்குச் செஞ்சதுக்கு இன்னைக்கு இதுன்னு வாய் கிழியப் பேசத் தெரியுதே, பொழைக்கற வழியைத் தேடாம இருக்கறது உங்களுக்குக் குறை இல்லையான்னு திட்டறார். ஜாதகம் பாக்கறவங்க இதோட முதல் வரியை மட்டும் எடுத்துச் சொல்லி, எல்லாம் விதின்னு முடிக்கறதை நானே ரெண்டு மூணு இடத்துல கேட்டிருக்கேன். ரெண்டாவது வரியைச் சேர்த்துப் படிச்சா அவங்க சொல்றதுக்கு நேர் எதிர் அர்த்தம். எனக்கு இதுல நிஜமாவே கோபம் வரும். ஒரு வரியைப் பிடிச்சிருக்குன்னு சொல்றவங்க அடுத்த வரி என்னன்னு பாத்துட்டாவது சொல்லணும்.

2021-ல ரெண்டாவது அலை சமயத்துல எங்க வீதில ஒரு பெரியவர், வர்றது வந்துதான் தீரும்னு காய்ச்சலோட மூணு நாளா படுத்தே கிடந்தார். கட்டிக் குடுத்த பொண்ணு அடுத்த ஊர்லேர்ந்து வந்து, வாசல்ல நின்னு வீதிக்கே கேக்கற மாதிரி சத்தம் போட்டு, அவரை எழுப்பி வண்டில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. பொழச்சு வந்துட்டார். அன்னைக்கு அந்தப் பொண்ணு போட்ட சத்தம் இந்த ரெண்டாவது வரிதான், அவளுக்கு இந்தப் பாட்டு தெரிஞ்சிருக்காது. மலை மேல அர்த்தநாரி சந்நிதில சின்னம்மா பதிகம் முழுசும் பாடினாங்க, "தீண்டப்பெறா திருநீலகண்டம்"னு ஒவ்வொரு பாட்டும் முடியும்போது பக்கத்துல ஒரு குடும்பம் நின்னு கேட்டுட்டு, கடைசில அவங்க பையனைக் கூப்பிட்டு டீச்சர்கிட்ட திருநீறு வாங்கிக்கோன்னாங்க.

திங்கள், கொடுமுடி

காவிரி இந்த ஊர்ல கிழக்கே திரும்பிப் போகுது. பிரம்மா, விஷ்ணு, சிவன் மூணு பேருக்கும் இருக்கற கோயில், பெரிய வன்னி மரம். கே.பி. சுந்தராம்பாள் பொறந்த ஊருங்கறதால சின்னம்மாவுக்குக் கூடுதல் சந்தோஷம், படித்துறைல இறங்கும்போதே முணுமுணுன்னு பாட ஆரம்பிச்சுட்டாங்க.

"நற்றவா உனை நான்மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே."

நான் மறந்தாலும் என் நாக்கு சொல்லும். சுந்தரர் இந்த ஊர்ல பாடினது.

இதைப் பத்தி எழுதறதுக்கு அமுச்சியைப் பத்திச் சொல்லித்தான் ஆகணும். சின்னம்மாவோட அம்மா. கடைசி காலத்துல அவங்களுக்கு எல்லாம் மறந்து போச்சு, பெத்த பொண்ணு பேரு, சாப்ட்டமா இல்லையா, இது எந்த வீடுங்கறது வரைக்கும். சின்னம்மாதான் கூட இருந்து பாத்துக்கிட்டாங்க. "யாரும்மா நீங்க, தங்கமா பாத்துக்கறீங்க"ன்னு சொந்தப் பொண்ணையே வாங்க போங்கன்னு கூப்பிடுவாங்க. ஆனா சாயந்திரம் விளக்கு வச்சா போதும், ஒரு எழுத்து பிசகாம நமச்சிவாயப் பதிகம் வரும். கேட்டுத்தான் சொல்லணும்னு இல்ல, தானா வரும். நாங்க பசங்க எல்லாம் அதை அதிசயமாப் பாப்போம். டாக்டர்கூட அப்ப சொன்னார், சின்ன வயசுலேர்ந்து ராகத்தோட சொல்லிப் பழகினது மத்ததெல்லாம் போன பின்னாடியும் நிக்கறது உண்டுன்னு.

சுந்தரர் ஆசைப்பட்டுச் சொல்றாரா, இல்ல பயந்து சொல்றாரான்னு நான் கேட்டேன். சின்னம்மா ரொம்ப நேரம் பதில் சொல்லல, துணி துவைக்கறவங்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்பறம், "ரெண்டும் இல்ல கண்ணு, அவரு சாமிகிட்ட வாக்குக் குடுக்கறாரு, எனக்கு என்ன ஆனாலும் உனக்குச் சேர வேண்டியது சேர்ந்துரும்னு"ன்னாங்க. எனக்கு இன்னும் பயமாத்தான் படுது. மறந்துருவமோன்னு ஒரு நாளாவது நினைக்காத ஆளுக்கு இந்த வரி வராது. இதுல நாங்க ஒத்துப் போகல, தாராபுரம் பஸ்லயும் இதே பேச்சுதான்.

செவ்வாய், பழனி

பழனி இன்னைக்கு திண்டுக்கல் மாவட்டம், ஆனா அருணகிரிநாதர் "கொங்கு வைகாவூர் நன்னாடு"ன்னுதான் பாடியிருக்கார், அதனால எங்க கணக்குல இருக்கு.

இந்தப் பழனி மலைப்பக்கத்தை ஆண்ட பேகனை எல்லாருக்கும் தெரியும், மயிலுக்குப் போர்வை குடுத்தவர். ஸ்கூல்ல கடையெழு வள்ளல்னு ஒரு மார்க் கேள்வியா முடிச்சுடுவாங்க. புறநானூறு 145-ல பரணர் அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கறார், ஆனா நிக்கறது வேற இடத்துல:

"பசித்தும் வாரேம் பாரமும் இலமே"

எங்களுக்குப் பசியும் இல்ல, எங்களை நம்பிக் குடும்பமும் இல்ல. அப்ப எதுக்குய்யா வந்தீங்கன்னா, இன்னைக்கு ராத்திரியே தேரேறிப் போய், உன்னைப் பிரிஞ்சு நொந்து கிடக்கற உன் மனைவியோட துயரத்தைத் தீரு, அதுதான் நான் கேக்கற பரிசுங்கறார். பேகன் வேற ஒருத்தி பின்னாடி போய் வீட்டுப் பக்கம் வராம இருக்கார், வீட்டுல கண்ணகின்னு ஒரு அம்மா. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார்னு நாலு புலவர்கள் இதே விஷயத்துக்காகப் பாடியிருக்காங்க. அரிசில் கிழார் நீ குடுக்கற நகையும் செல்வமும் வேண்டவே வேண்டாம்னே சொல்லிடறார்.

பொழப்பே ராசா குடுக்கறதுலதான், அந்த ராசாவோட வீட்டு விஷயத்துல தலையிட்டு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும். மயில் குளிர்ல நடுங்கும்னு போர்வையைக் குடுத்த உனக்கு, உன் வீட்டுல நடுங்கற ஆள் தெரியலயாங்கற கேள்வியை அப்படியே கேக்காம, மயிலை மட்டும் சொல்லிட்டு விட்டுடறார் பரணர். மிச்சத்தைப் பேகனே போட்டுக்கணும். எனக்குத் தெரிஞ்சு ஒரு பொண்ணுக்காக ஊர்ப் பெரியவங்க போய் பேசினதுலயே இவ்வளவு நயமாப் பேசினதை நான் பாத்ததில்ல. "நாலு பேரு போய்ச் சொல்லியும் கேட்டானா இல்லையா"ன்னாங்க சின்னம்மா. பாட்டுல அது இல்லீங்க சின்னம்மான்னேன். அவங்களுக்கு அதுல ரொம்ப வருத்தம், மலை இறங்கற வரைக்கும் அந்தம்மாவைப் பத்தியேதான் பேசிக்கிட்டு வந்தாங்க.

புதன், குமரலிங்கம்

உடுமலைலேர்ந்து டவுன் பஸ். அமராவதிக் கரை, ரெண்டு பக்கமும் தென்னையும் நெல்லும். குமணன் ஆண்ட இடம் இதுதான்னு இந்தப் பக்கத்துக்காரங்க சொல்றாங்க. பெருஞ்சித்திரனார் குமணன்கிட்ட பரிசு வாங்கிட்டு வீட்டுக்கு வந்து, பொண்டாட்டியைப் பாத்துச் சொன்ன பாட்டு, புறம் 163. என் நோட்ல முழுசா இருக்கற சங்கப்பாட்டு இது ஒண்ணுதான்.

உன்னை விரும்பி வந்திருக்கறவங்களுக்கும், நீ விரும்பறவங்களுக்கும், சொந்தக்காரங்களுக்கும், வீட்டுல பசி தீர உனக்குக் கைமாத்துக் குடுத்தவங்களுக்கும் குடு, இன்னார்னு பாக்காதே, என்கிட்டயும் கேக்காதே, "வல்லாங்கு வாழ்தும் என்னாது" எல்லாருக்கும் குடு. பத்திரமா வச்சு நாம நல்லா வாழலாம்னு நினைக்காதேங்கறார்.

இதைத் தனியா எடுத்துப் படிச்சா, வீட்டுக்காரர் பெருமைக்கு எல்லாத்தையும் வாரி விடச் சொல்றார்னு தோணும், ஆனா இதே புலவர் முன்னாடி பாடின 159-ஐயும் 160-ஐயும் சேர்த்துப் படிக்கணும். அதுல இதே அம்மா வர்றாங்க. குப்பைல முளைச்ச கீரைல, பறிச்ச காம்புல மறுபடி துளிர்த்த இளந்தளிரைக் கிள்ளி, உப்பில்லாம, வெறும் தண்ணில வேக வைக்கறாங்க. பாலில்லாம அழற பிள்ளைக்குப் புலி வருதுன்னு சொல்லியும், நிலாவைக் காட்டியும் சமாதானம் பண்றாங்க. அந்தக் கையிலதான் இப்ப குமணன் குடுத்த செல்வம் இருக்கு. கடன் குடுத்த பக்கத்து வீட்டுக்காரங்க பட்டியல்ல இருக்கறது அதனாலதான். புலவர் ஊர் ஊராப் போயிட்டார், அரிசியும் உப்பும் கடன் வாங்கினது அந்தம்மா, யார் வீட்டுக்கு எவ்வளவு தரணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். "என்னொடும் சூழாது", என்னைக் கேக்க வேண்டாம்னு சொல்றதை நான் முன்னாடி பெருந்தன்மைன்னு நினைச்சுப் படிச்சேன், இப்ப அது மரியாதையாப் படுது. அந்தக் கணக்கு அவங்களோடது.

சின்னம்மா ஒத்துக்கல. முதல்ல கடனை அடைக்கட்டும், ரெண்டு மூட்டை நெல்லு எடுத்து வைக்கட்டும், மீதியைக் குடுக்கட்டும், பிள்ளை மறுபடி அழுதா குமணனா வருவான்னு கேட்டாங்க. முப்பது வருஷம் ஒத்தைச் சம்பளத்துல ரெண்டு பசங்களைப் படிக்க வச்சவங்க கேக்கறாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆத்தோரத்துல உக்காந்து பாட்டை மறுபடி முதல்லேர்ந்து படிச்சோம். கடைசில அவங்க கேட்டது குப்பைக்கீரை வர்ற 159-ஐ, முழுசும் எழுதித் தரணுமாம், அதுவும் பெரிய எழுத்துல. ராத்திரி ரூம்ல உக்காந்து எழுதிக்கிட்டிருக்கேன், நாளைக்குக் காலைல பொள்ளாச்சி வழியா கோயமுத்தூர்.